மாணவர் நூற்சேகரமும் சர்வகலாசாலைப் பரிசிலும்
விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

கல்லூரியில் பயிலும் மாணவனுக்குப் பரிசு வழங்குவதற்குரிய காரணங்கள் நம் நாட்டில் பலவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. பேச்சுக்கும் கவிதைக்கும், ஓட்டத்துக்கும் கோலத்துக்கும், வருகைப் பதிவேட்டில் ஒரு நாளேனும் விடுபடாமைக்குங்கூடப் பரிசு உண்டு. ஆயினும், தன் கைப்பொருளைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு, ஒரு நோக்கத்தோடு நூல்களைத் தேடித் தொகுத்து, தொகுத்தவற்றை ஒழுங்குபெற வைத்து, அவை இன்ன காரணத்தால் ஓரிடத்தில் சேர்ந்திருக்கத் தக்கன என்று பிறர்க்கு எடுத்துரைக்கும் வல்லமை பெற்ற மாணவனுக்கென்று ஒரு பரிசில் வைப்பது நம் கல்லூரி விழாக்களில் இன்னும் வழக்கமாகவில்லை. மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றிலோ, நூலகமே முன்னின்று ஆண்டுதோறும் நடத்தும் சம்பிரதாயமாக இது நெடுங்காலமாய் நிலைபெற்றிருக்கிறது.

அப்போட்டி எவ்வாறு தோன்றியது, அதன் விதிகள் எதனைப் போற்றுகின்றன, தமிழ்நாட்டில் அதற்கு வேர் உண்டா, விழுப்புரமும் திண்டிவனமும் போன்ற ஊர்களில் அது தழைக்குமா, தழைக்க வேண்டுமாயின் எவ்வாறு நடத்தப்பெற வேண்டும் என்னும் ஐந்து வினாக்களை வரிசையாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. போட்டியின் வரலாறு

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தை அடுத்த ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஏ. எட்வர்ட் நியூட்டன் என்பவர் பெயரால் வழங்கும் மாணவர் நூலகப் பரிசு, இவ்வகைப் போட்டிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. நியூட்டன் தொழிலால் வணிகர், விருப்பத்தால் நூற்சேகரிப்பாளர். நூல் தேடும் இன்பத்தைப் பற்றி அவர் 1918 இல் வெளியிட்ட புத்தகம் ஒரு தலைமுறை வாசகர்களைப் பழைய புத்தகக் கடைகளுக்கு அழைத்துச் சென்றது. தாம் அடைந்த இன்பத்தை இளைஞரும் அடைய வேண்டும் என்னும் அவருடைய அவாவே அப்பரிசுக்குக் காரணம்.

பின்னர் யேல் சர்வகலாசாலையில் 1957 இல் ஏட்ரியன் வான் சிண்டரன் பெயரால் ஒரு பரிசு ஏற்பட்டது. ஹார்வர்டில் 1977 இல் ஒன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூலகத்தில் 2006 இல் ரோஸ் பரிசு. ஆக்ஸ்பர்டில் பாட்லியன் நூலகம் நடத்தும் காலின் பிராங்க்ளின் பரிசில் ஒரு சிறப்பான ஏற்பாடு உண்டு: வென்ற மாணவர்க்குத் தொகை வழங்குவதோடு, நூலகத்துக்கென ஒரு நூலை அவரே தேர்ந்து வாங்கச் செய்யவும் தனியே ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். நூலகத்தில் கடன் வாங்கும் நிலையிலிருந்த மாணவன் அந்நூலகத்தை வளர்ப்பவனாக உயரும் நிலை அவ்வோர் ஏற்பாட்டாலேயே உண்டாகிவிடுகிறது. அமெரிக்காவில் கல்லூரிதோறும் வென்றவர்களை ஒருங்கே நிறுத்தி நாடளாவிய போட்டியொன்று 2005 முதல் நடைபெறுகிறது. 2017 இல், முப்பது வயதுக்குட்பட்ட பெண்களின் சேகரங்களுக்கென்றே நியூயார்க்கில் புத்தக வணிகர் இருவர் ஒரு பரிசை ஏற்படுத்தினர். சேகரிப்பாளர் என்றவுடன் வயது முதிர்ந்த செல்வச் சீமானையே எண்ணும் வழக்கம் அங்கும் இருந்தது என்பதற்கும், அதனை மாற்ற வேண்டும் என்னும் உணர்ச்சி பிறந்துவிட்டது என்பதற்கும் அது சான்று.

3. விதிகள் போற்றுவது எதனை?

இப்போட்டிகளின் விதிகள் இடத்துக்கிடம் சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. மாணவன் மூன்று எழுத்துக்களைச் சமர்ப்பிக்கிறான். முதலாவது, தன் சேகரம் எப்பொருளைப் பற்றியது, எவ்வாறு தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்று கூறும் ஒரு சிறு கட்டுரை. இரண்டாவது, சேகரத்திலுள்ள நூல்களின் விவரப் பட்டியல். அதில் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றோடு, அந்நூல் ஏன் இச்சேகரத்தில் இடம்பெறுகிறது என்னும் குறிப்புரையும் இருக்கும். மூன்றாவது, இன்னும் கிடைக்காத நூல்கள், கிடைத்தால் வாங்க விரும்பும் நூல்கள் சிலவற்றின் பட்டியல்.

மூன்றனுள்ளும் கடைசிப் பட்டியலே மாணவனின் அறிவாழத்தை உள்ளபடி காட்டுவது என்பது என் கருத்து. கையில் இருப்பதைப் பற்றி எவரும் நாலு வார்த்தை எழுதிவிடலாம். இல்லாதது எது என்று அறிவதற்கு அத்துறை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

நூல்களின் எண்ணிக்கையோ விலையோ பரிசைத் தீர்மானிப்பதில்லை என்பதை இவ்விதிகள் அழுத்தமாகக் கூறுகின்றன. தோலட்டையும் பொன்னெழுத்தும் கொண்ட ஐம்பது நூல்கள் ஒரு நோக்கமுமின்றிச் சேர்ந்திருப்பின் அது அலமாரி; மலிவுப் பதிப்புகளும் துண்டுப் பிரசுரங்களுமாக முப்பதே இருந்து, அவற்றை ஓர் எண்ணம் ஊடுருவி நிற்குமாயின் அதுவே சேகரம். இவ்வொரு நியதியை நாம் நன்கு பற்றிக்கொண்டால், இப்போட்டி ஏழை மாணவர்க்கு எட்டாதது என்னும் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

4. தமிழ்நாட்டின் மரபு

இப்போட்டி பெயரளவில் நமக்குப் புதியதாயினும், இதன் உட்பொருள் நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் சிறந்த ஆராய்ச்சி நூலகங்கள் சில, தனிமனிதர் தம் வீட்டில் சேர்த்து வைத்த ஏடுகளையும் நூல்களையும் அடிப்படையாகக் கொண்டே எழுந்தவை. உ. வே. சாமிநாதையர் 1942 இல் மறைந்தபின், அவர் ஊரூராய்த் திரிந்து திரட்டிய சுவடிகளும் நூல்களும் மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு நூல்நிலையமாக உருப்பெற்றன. மறைமலையடிகள் தம் உரைகளாலும் நூல்களாலும் வந்த வருவாயைக் கொண்டு வாங்கிய ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், அவர் 1950 இல் மறைந்தபின், சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தாரின் முயற்சியால் 1958 இல் பொது நூலகமாயின. எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூல்கள் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துப் பொது நூலகங்கூட 1930களில் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு இரவல் நூலகத்தினின்றும் வளர்ந்ததே. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது தமிழர் இழந்தவை இவ்வளவென்று இன்றும் கணக்கிட்டு முடியவில்லை.

இவர்களெல்லாரும் பெரும்புலவர்கள், கற்றோர் என்று ஒருவர் கூறலாம். அதற்கு விடையாக நிற்பவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த அவர் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர், பட்டம் பெற்றவரல்லர், பேராசிரியரும் அல்லர். பழைய நூல்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், பத்திரிகை நறுக்குகள், இசைத்தட்டுகள் என்று பிறர் கழித்தொதுக்கியவற்றையெல்லாம் அவர் பேணி வைத்தார். அவர் 1992 இல் காலமானார். அதன்பின் சிகாகோ சர்வகலாசாலை அச்சேகரத்தை வாங்கியது. நாட்டைவிட்டு எடுத்துச் செல்லாமல், சென்னையிலேயே அதனை வைத்து 1994 இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தோற்றுவித்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் கொண்டதாகப் புகழ்பெற்ற அச்சேகரம் இல்லாவிடில், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுவோர் பல இடங்களில் இருளில் தடவ வேண்டியிருக்கும். புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் ஆசிரியத் தொழிலின் ஊதியத்தைக் கொண்டு வளர்த்த ஞானாலயா நூலகமும் இதே வகுப்பைச் சேர்ந்தது.

இம்மரபைப் பற்றி நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் இதன் அடுத்த தலைமுறையை உண்டாக்குவதற்கு ஒழுங்கான உபாயம் எதனையும் செய்தோமா? சில நல்ல முயற்சிகள் நடைபெற்றிருக்கின்றன. 2005 முதல் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடத்திவரும் மக்கள் சிந்தனைப் பேரவை, பள்ளி மாணவர்க்கு உண்டியல் கொடுத்து, ஆண்டு முழுவதும் சேர்த்த காசைக் கொண்டு திருவிழாவில் நூல் வாங்கச் செய்வதும், அவ்வாறு வாங்கியோரை நூல் ஆர்வலர் என்று சான்றளித்துப் பாராட்டுவதும் வழக்கமாயிருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவதோடு, வீட்டில் நூலகம் அமைத்துப் பேணும் வாசகர்களைத் தேர்ந்து விருதளிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. இவை போற்றத்தக்கனவே. எனினும் முன்னது நூல் வாங்கும் பழக்கத்தை வளர்ப்பது. பின்னது பல ஆண்டுகளாய்ச் சேர்த்து முடித்தவரைக் கௌரவிப்பது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தில், அதாவது பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே, வாங்கும் பழக்கத்தை ஆராயும் பழக்கமாக மாற்றும் படியொன்று வேண்டும். மாணவர் நூற்சேகரப் போட்டி அந்தப் படி.

5. விழுப்புரமும் திண்டிவனமும்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தினின்றும் 1993 இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டம், கல்வி நிலையில் பின்தங்கியது என்று அடிக்கடி கூறப்படுவது. ஆனால் நூலும் கல்வியும் இம்மண்ணுக்கு அந்நியமல்ல என்பதைச் சரித்திரம் காட்டும். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர் உண்டியும் உறையுளும் பெற்றுப் பயின்ற ஒரு வேதக் கல்லூரி நிகழ்ந்ததைக் கல்வெட்டுத் தெரிவிக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் நகரம் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல்; அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர்களும் உளர். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் 1898 வரை வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், புலவர்களின் சரிதங்களைத் தொகுத்துப் புலவர் புராணம் இயற்றியவர். திண்டிவனத்துக்கு அணித்தான மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடத்தைக் கொண்டது. மயிலத்தில் ஆதீனம் வளர்த்த தமிழ்க் கல்லூரி உண்டு. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் 1955 இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்படும் சைவச் சுவடிகளை, அங்குள்ள பிற சுவடித் தொகுதிகளோடு சேர்த்து, யுனெஸ்கோ 2005 இல் உலக நினைவேட்டில் பதிந்தது.

இவற்றினும் நேராக இவ்விஷயத்தைத் தொடுவது மற்றொரு சரித்திரம். சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் 1948 ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். 1924 இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகி, 1931 இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் அதனைச் சட்டசபையில் நிறைவேற்றினார். அம்மந்திரி சபைக்குத் தலைமை வகித்தவரோ திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயியாகிய இராமசாமி ரெட்டியார். வீட்டுவரியோடு ஒரு சிறு பங்கு நூலகத்துக்கென்று சேர்த்து வசூலிக்கப்படும் முறை அச்சட்டத்தின் பயன். ஊர்ப்புற நூலகத்தில் இன்று ஒரு சிறுவன் இலவசமாய்ப் பத்திரிகை படிப்பதற்கு, திண்டிவனத்து மண்ணிலிருந்து சென்ற ஒருவரின் ஆட்சியில் இட்ட அஸ்திவாரமும் ஒரு காரணம். அத்தகைய ஊர், நூலகத்தைச் சார்ந்த ஒரு புதுமுயற்சிக்கு முன்னோடியாவது பொருத்தமே.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் பயிற்றும் மாணவருட் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருவோர். அவர்களுள் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயில் மிதித்தோர் மிகப் பலர். 1929 இல் சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு 2021க்குப் பின் இம்மாவட்டத்துக் கல்லூரிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. பெரும் நூலகமுடைய ஒரு பழைய சர்வகலாசாலையும், முதல் தலைமுறை மாணவர் நிறைந்த கல்லூரிகளும் ஓர் அமைப்புக்குள் வந்திருக்கும் இவ்வேளையே இப்போட்டிக்கு ஏற்ற வேளை.

6. இம்மாணவர் எதனைச் சேகரிக்கக்கூடும்?

பொதுவாகப் பேசுவதினும் ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்பது தெளிவு தரும். செஞ்சி வட்டாரத்து மாணவன் ஒருவன் தேசிங்குராஜன் கதையின் பெரிய எழுத்துப் பதிப்புகளைச் சேகரிக்கத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1714 இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அவ்விளைஞனின் கதை, சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் வெளியிட்ட பெரிய எழுத்துக் கதை வரிசையால் கிராமந்தோறும் பரவியது. மெல்லிய வண்ணத்தாள் மேலட்டை, தொட்டால் நொறுங்கும் மட்டக் காகிதம், மண்ணெண்ணெய் விளக்கொளியில் முதியவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க பருமனான அச்சு: இவ்வளவே அந்நூல். திருவிழாக் கடையிலும் சந்தையிலும் விற்ற இவ்வகை நூல்களுட் பலவற்றில் அச்சிட்ட ஆண்டு குறிக்கப்படுவதே இல்லை.

இங்கேதான் சேகரிப்பவனின் ஆராய்ச்சி தொடங்குகிறது. விலை அணாவில் குறிக்கப்பட்டிருப்பின், நாட்டில் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முற்பட்டதாகவோ அதனை ஒட்டியதாகவோ இருத்தல் கூடும். நயா பைசா என்றிருப்பின் அதன்பின் வந்த சில ஆண்டுகளுக்குரியது. முகவரியில் தமிழ்நாடு என்று அச்சாகியிருப்பின், மாநிலத்தின் பெயர் மாறிய 1969ஐ நினைக்கலாம். ஆறிலக்க அஞ்சல் குறியீடு காணப்படின் 1972க்குப் பிற்பட்டது உறுதி. ணை, லை, றா, னா முதலிய எழுத்துக்கள் பழைய வடிவில் இருக்கின்றனவா, 1978 ஆம் ஆண்டு அரசாணையாற் சீர்திருத்திய வடிவில் இருக்கின்றனவா என்பது மற்றொரு சான்று. ஆனால் பழைய அச்செழுத்தையே நெடுநாள் வைத்துக்கொண்டிருந்த அச்சகங்களும் உண்டாதலின், ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது என்பதையும் அவன் கற்றுக்கொள்கிறான். அட்டையின் உட்புறத்தில் மையால் எழுதிய ஒரு பெயர், ஊர், படித்தவர் யார் என்பதைச் சொல்லும். ஓரங்களில் தாளக் குறிப்போ அடைப்புக் கோடோ இருந்தால், அந்நூல் கூத்து வாத்தியார் ஒருவரின் கையில் புழங்கியதெனக் கொள்ள இடமுண்டு.

ஒரு சில ரூபாய் பெறுமானமுள்ள அந்நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி எழுதி 1943 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே வெளியிட்ட செஞ்சி வரலாற்றை நூலகத்தில் அவன் படிப்பானாயின், சரித்திர ஆசிரியர் எழுதிய தேசிங்குக்கும் கூத்தில் ஆடும் தேசிங்குக்கும் உள்ள உறவும் வேற்றுமையும் அவனுக்குப் புலப்படும். பட்ட ஆராய்ச்சிக்குரிய பயிற்சியின் தொடக்கம் முழுவதும் இவ்வொரு கைப்பழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

இவ்வாறே வேறு பொருள்களும் பல. கிடங்கலைச் சேர்ந்த மாணவி, 1889 இல் சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டு முதல் இன்றைய மலிவுப் பதிப்பு வரையில் சிறுபாணாற்றுப்படைக்கு வந்த உரைகளைச் சேர்க்கலாம். முதற்பதிப்பு கிடைக்காதாயின் அதனை வேண்டுநூற் பட்டியலில் எழுதுவதே போதும். கார்ஸ்டின் 1878 இல் எழுதிய தென்னார்க்காட்டு மானுவல், பிரான்சிஸ் 1906 இல் எழுதிய கெசட்டியர் ஆகியவற்றின் மறுபதிப்புகளைத் தொடக்கமாக வைத்து மாவட்டத்தைப் பற்றிய நூல்களைத் திரட்டலாம். திரௌபதியம்மன் திருவிழா நோட்டீசுகள், பாரதக் கூத்து வசன நூல்கள், பழைய பாடப்புத்தகங்கள், நிலக்கடலை, கரும்புச் சாகுபடி பற்றிய வேளாண்மைத் துறைக் கையேடுகள், கோலப் புத்தகங்கள், 1951 இல் வந்த மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் தொட்டுத் தொடரும் சமையல் நூல்கள்: இவற்றுள் எதனையும் இழிந்ததென்று தள்ளுவதற்கில்லை. பெண்மக்களின் நூல்கள் திருமணத்தின்போது பிறந்தகத்துப் பரணில் தங்கி, சில ஆண்டுகளில் எடைக்குப் போய்விடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. மாணவியர் சேகரத்துக்குத் தனிப்பரிசு வைப்பது அவ்வழக்கத்தைத் தடுக்கும் ஒரு நல்வழி.

7. ஆட்சேபங்களும் சமாதானங்களும்

முதல் ஆட்சேபம் வறுமையைப் பற்றியது. பேருந்துக் கட்டணத்துக்கே எண்ணிச் செலவிடும் மாணவன் நூல் வாங்குவது எங்ஙனம்? விலையைக் கணக்கில் கொள்ளாத விதி இதற்குப் பாதி விடை. மீதி விடை நூல் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையானபின் அத்தகைய பெருஞ்சந்தை நமக்கு இல்லையென்பது மெய்யே. ஆயினும் சிறு நகரங்களின் பழைய பேப்பர்க் கடைகளில், தராசில் நிறுத்து விற்கப்படும் கட்டுகளுக்கிடையே, கிலோ விலைக்கு நூல்கள் இன்றும் வந்து சேர்கின்றன. கண் பழகிய மாணவனுக்கு அங்கே இருபது ரூபாயில் கிடைப்பது, கண் பழகாத செல்வனுக்குப் புதுப்புத்தகக் கடையில் இரண்டாயிரம் ரூபாயிலும் கிடைக்காது.

இரண்டாவது ஆட்சேபம், நூல்களெல்லாம் கணினியில் ஏறிவிட்ட காலத்தில் காகிதத்தைச் சேர்ப்பது வீண் என்பது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்தவரின் நூலகம் திட்டமும் செய்திருக்கும் தொண்டு அளவிடற்கரியது. ஆனால் அத்திட்டங்கள் படமெடுத்த ஒவ்வொரு பழைய நூலையும் யாரோ ஒருவர் அதற்குமுன் வீட்டிலோ மடத்திலோ நூலகத்திலோ அழியாமல் காத்திருந்தார். எவரும் காக்காத நூலை எந்தப் பொறியும் படமெடுக்க இயலாது. பெரிய நூலகங்கள் பெரும்பாலும் கவனியாத சில்லறைப் பிரசுரங்களைக் காப்பவர் தனிச் சேகரிப்பாளரே.

மூன்றாவது, பரிசு ஆசையால் குற்றங்கள் விளையும் என்பது: நூலகத்து நூலைக் கவர்தல், ஒரே நாளில் மொத்தமாக வாங்கிக் காட்டுதல், பிறர் எழுதிய குறிப்பைத் தன்னதாகத் தருதல். இவ்வச்சம் நியாயமானதே. ஆகவே ஒவ்வொரு நூலும் எங்கே, எப்போது கிடைத்தது என்பதைப் பட்டியலில் குறித்தாக வேண்டும். நூலக முத்திரையுள்ள நூல் விலக்கப்பட வேண்டும். இறுதிச் சுற்றில் நடுவர்கள் மாணவனை நேரிற் கண்டு, நூல்களைக் கையில் எடுத்துக் கொடுத்து வினவ வேண்டும். தானே தேடிச் சேர்த்தவன் ஒவ்வொன்றின் கதையையும் கூறுவான். பிறன் சேர்த்ததைக் கொண்டு வந்தவன் மூன்றாம் வினாவில் தடுமாறுவான்.

நான்காவது ஆட்சேபத்தை அலட்சியம் செய்ய முடியாது; அது இடத்தையும் மழையையும் பற்றியது. ஓரறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்தில் நூலுக்கு இடம் ஏது? 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கருகே கரைகடந்த பெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம், திண்டிவனப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் முதலில் பாழாவன தரைமட்டத்தில் இருக்கும் காகிதங்கள். இதற்கு விடை கூறுதல் மாணவனின் கடமையன்று, நூலகத்தின் கடமை. போட்டியிற் பதிவு செய்துகொண்ட மாணவர்க்குக் கல்லூரி நூலகத்தின் மேல்மாடியில் பூட்டுள்ள ஒரு தட்டை ஒதுக்கித் தருவது அதிகச் செலவு பிடிப்பதன்று. அத்தட்டு இல்லாமல் நடத்தப்படும் போட்டி, மச்சுவீட்டு மாணவர்க்கு மட்டுமே உரிய போட்டியாகிவிடும்.

நூல்கள் பயன்படுத்தற்கே என்று ரங்கநாதன் விதித்திருக்க, அவற்றைத் தனியுடைமையாக்குவது முறையா என்று கேட்போரும் உளர். சேகரத்தைக் காட்சிக்கு வைத்து, பட்டியலை நூலகத்திற் பதிந்து, வேண்டுவோர் வந்து பார்க்க இசைவு தரும் மாணவன் அவ்விதியை மீறுபவன் அல்லன். வீட்டு மூலையிற் கிடந்ததைப் பயனுக்குக் கொண்டுவருபவன். நூலகம் வளரும் உயிர் என்பதும் அவர் விதியே. அவ்வளர்ச்சிக்கு நாளை வேண்டும் உணவு இன்றைய மாணவரின் கையில் இருக்கிறது.

8. நடத்தும் முறை

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கி, இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் முறையொன்றைச் சுருக்கமாக எடுத்துரைக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம் பொறுப்பேற்று, விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்தின் துணையோடு நடத்த வேண்டும். ரங்கநாதன் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 12 அன்று அறிவிப்பு வெளியிட்டு, மழைக்காலம் கழிந்து தை மாதத்தில் சேகரங்களைப் பெறுவது நம் பருவத்துக்கு ஏற்றது. குறைந்த அளவு பதினைந்து உருப்படிகள், கூடிய அளவு ஐம்பது, தமிழில் எழுதிய ஒரு கட்டுரை, குறிப்புரையோடு கூடிய பட்டியல், வேண்டுநூல் பத்து. முதலாண்டு மாணவர்க்கு ஒரு பிரிவும் மூத்தோர்க்கு ஒரு பிரிவும் இருத்தல் நலம்; யேலில் இறுதியாண்டினர்க்கும் இரண்டாமாண்டினர்க்கும் தனித்தனியே பரிசு வைத்திருப்பது இதற்கு வழிகாட்டி. நடுவர் குழுவில் நூலகரும் பேராசிரியரும் இருப்பதோடு, பழைய புத்தக வணிகர் ஒருவரும் தனிச் சேகரிப்பாளர் ஒருவரும் அவசியம் இடம்பெற வேண்டும். ஏனெனில் காகிதத்தைத் தடவிக் காலம் சொல்லும் அறிவு அவர்களிடத்தேதான் மிகுதி.

போட்டிக்கு முன், கல்லூரிதோறும் நூலகர் ஒருவர் ஒரு பிற்பகலேனும் செலவிட்டு, பதிப்புப் பக்கத்தை எவ்வாறு படிப்பது, பட்டியலில் எவற்றைக் குறிப்பது, கரையானும் ஈரமும் அணுகாமல் எவ்வாறு காப்பது என்று கற்பித்தல் வேண்டும். அப்பயிற்சியின்றி அறிவிப்பை மட்டும் சுவரில் ஒட்டினால், ஏற்கெனவே வீட்டில் நூலுள்ள சிலரே வருவர். பரிசைப் பணமாக அல்லாமல் பெரும்பகுதி நூல் வாங்கும் உரிமைச் சீட்டாகத் தருவதும், ஆக்ஸ்பர்டு முறையைப் பின்பற்றி வென்றவர் தம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நூலைத் தேர்ந்தளிக்கச் செய்வதும் தக்கன. தேர்ந்த சேகரங்களை ஓராண்டு விழுப்புரத்திலும் மறு ஆண்டு திண்டிவனத்திலும் பொதுமக்கள் காண வைக்க வேண்டும். தம் மகனோ மகளோ சேர்த்த பழங்காகிதத்தை ஊரார் நின்று பார்ப்பதைக் காணும் பெற்றோர், அதனை எடைக்குப் போட மறுமுறை மனங்கொள்ளார். செலவைப் பற்றிய கவலை பெரிதன்று. பொது நூலகங்களுக்குப் புரவலராகும் வழக்கம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அப்புரவலருள் சிலரை இம்முயற்சிக்குத் திருப்பினால் போதும்.

9. முடிவு

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன இவை. மாணவர் நூற்சேகரப் போட்டி செல்வர்க்குரிய பொழுதுபோக்கன்று. விலையை நீக்கி நோக்கத்தை அளக்கும் அதன் விதிகளால் அது எளியோர்க்கு இயல்பாகவே உகந்தது. தமிழ்நாட்டின் நூலக வரலாறு தனிச் சேகரிப்பாளர்களின் வரலாற்றோடு பிணைந்தது. அவ்வரலாறு தொடர வேண்டுமாயின் இளமையிலேயே அப்பயிற்சி தொடங்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சேகரிக்கத்தக்க பொருளுக்கும் ஆர்வமுள்ள மாணவர்க்கும் குறைவில்லை. குறைவாயிருப்பது அழைப்பு ஒன்றே.

அவ்வழைப்பை விடுக்க வேண்டியவர்கள் சர்வகலாசாலையின் நூலகத்தாரும் கல்லூரி முதல்வர்களும். ஒரு கல்லூரியில், ஒரு மேசையில், பத்து மாணவரின் சேகரங்களோடு தொடங்கினாலும் போதும். வாசகராகிய நாமும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ கிடக்கும் பழைய நூற்கட்டை, வெள்ளையடிக்கும் நாளில் எடைக்குப் போடுமுன், பக்கத்து வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையை அழைத்து ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள்.